நோட்டில் ஏறாத செலவு

விடியற்காலை நாலு மணி. தாராவியில் இட்லிக் கொப்பரைகளில் ஆவி கிளம்பிவிட்டது. ஆறு மணிக்குள் இட்லி அண்டாக்கள் சைக்கிளில் ஏற வேண்டும். சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று நாலு பக்கமும் போக வேண்டும்.

இப்படி இட்லி சுடும் வீடுகள் தாராவியில் நிறைய உண்டு. அதில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரியை அக்கா என்றே சொல்வோம். அக்காவுக்கு வயது 29. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். கூடவே மாமியார் இருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி, சின்னப் பையன் ஒருவன்.

ஒரு நாள் காலையில் அக்காவுக்கு வலது கண் மங்கலாகத் தெரிந்தது. கண்ணை அசைத்தால் வலித்தது.

"ஆவி அடிச்சிருக்கும் மைனி, கழுவுங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

கழுவியும் சரியாகவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கினார்கள். அதிலும் தெரியவில்லை. மாமியார் திருநீறு போடுகிறவரிடம் கூட்டிப் போனார். மூன்று வாரத்தில் கண் தானாகத் தெளிந்தது. திருநீறு போட்டவருக்கு நல்ல பேர் கிடைத்தது.

எட்டு மாதம் கழித்து இரண்டு கால்களும் மரத்துப் போயின. மாடிக் கோலிக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் வழுக்கி அக்கா விழுந்தார். முதுகில் அடி என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். பெல்ட் வாங்கினார்கள். உடம்பில் சத்து இல்லை என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். குலதெய்வத்துக்குக் குறை இருக்கிறது என்று ஊருக்கும் போய் வந்தார்கள். கால் பாதி சரியானது. மீதிப் பாதி சரியாகவே இல்லை.

மூன்றாவது முறை சிறுநீர் அடங்கவில்லை. நடக்கும்போது குடித்தவர் போல் தள்ளாடினார். அப்போதுதான் சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டினார்கள். டாக்டர் கண் தொந்தரவைப் பற்றியும் கேட்டார். "அது எப்பவோ சரியாப் போச்சுங்க" என்றார் அக்கா. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். தலைக்கும் முதுகுத் தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். படம் வந்தது. எம்.எஸ். என்றார்.

"எம்.எஸ்.ஸா? அது பாட்டுக்காரம்மா பேருல்லா?" என்றார் மாமியார்.

எம்.எஸ். என்றால் என்ன?

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்பதன் சுருக்கம்தான் எம்.எஸ். பல இடங்களில் தழும்பு விழுந்து கெட்டியாவது என்று அதற்குப் பொருள். 1868 இல் பாரிஸ் நகரத்தில் ஷார்கோ என்ற டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விளக்கினார்.

வீட்டில் ஓடும் மின்சார வயரைப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது. எலி அந்த உறையைக் கடித்துவிட்டால் என்ன ஆகும்? விளக்கு மினுக்கும். சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. கம்பியும் அறுந்துவிட்டால் எரியவே எரியாது. நம் நரம்புக்கும் இப்படி ஓர் உறை உண்டு. அதன் பெயர் மயலின். நம் உடம்பில் கிருமியை எதிர்க்கும் ஒரு படை இருக்கிறது. அந்தப் படை வழிதவறி, மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ்.

எந்த இடத்தில் உறை கெட்டதோ அந்த இடத்துக்கு ஏற்ற தொந்தரவு வரும். சிலருக்குக் கண் மங்கும். சிலருக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். கை கால் மரக்கும், இறுகும். சிறுநீர் அவசரமாக வரும். பெரும்பாலோரை வாட்டுவது களைப்பு. வேலை செய்தால் வரும் களைப்பு அல்ல இது. தூங்கி எழுந்த உடனே வரும் களைப்பு. இதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்று திட்டுகிறார்கள்.

இது ஒட்டும் நோய் அல்ல. செய்வினை அல்ல. யாருடைய பாவமும் அல்ல. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் வருகிறது. உலகில் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020 இல் கணக்கிட்டார்கள்.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். மும்பையில் நோஷிர் வாடியா என்ற நரம்பு டாக்டர் இருந்தார். பார்சி மக்களிடம் இந்த நோய் இருப்பதை ஆராய்ந்து 1990 இல் எழுதினார். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் வசதி பரவியபின், மற்ற எல்லா மக்களிடமும் இது இருப்பது தெரிய வந்தது. பட்டறையிலும் சாலிலும் இருப்பவர்களுக்கும் வருகிறது.

தானாக இறங்கும் நோய்

எம்.எஸ். நோயின் ஒரு குணம்தான் ஏழை வீட்டுப் பணத்தை அதிகம் தின்கிறது. பெரும்பாலோருக்கு இது விட்டு விட்டு வரும். ஒரு தாக்குதல் வரும். சில வாரத்தில் தானாகவே இறங்கும். அப்போது யார் பக்கத்தில் இருந்தாரோ அவருக்கே பேர் கிடைக்கும். திருநீறு போட்டிருந்தால் திருநீறு. குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் குளுக்கோஸ். எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தக் கண் தெளிந்திருக்கும்.

அக்கா வீட்டின் முதல் கணக்கைப் பார்ப்போம். நோயின் பெயர் தெரியும் முன் செலவான பணம் இது.

கண்ணாடிக்கு 1,200 ரூபாய். திருநீறு, கோழி, எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்ந்து 2,500. எக்ஸ்ரே, பெல்ட் 3,300. குளுக்கோஸ், சத்து ஊசி 6,000. ஊருக்குப் போய் வந்தது 9,000. மொத்தம் 22,000 ரூபாய். சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நரம்பு உறை கெடுவதை இந்த 22,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தடுக்கவில்லை. ஒன்றரை ஆண்டும் போய்விட்டது.

ஆகவே ஒரு கண் திடீரென்று மங்கினாலோ, கால் மரத்துச் சில நாளாகியும் விடவில்லை என்றாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரியாகிவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். பழைய தொந்தரவையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சோதனையில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும். மூளையில் காசநோய் வந்தாலும் சில அறிகுறிகள் இப்படியே இருக்கும். என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் உண்டு. பார்த்தால் எம்.எஸ். போலவே இருக்கும். ஆனால் எம்.எஸ். மருந்துகளில் சில, அந்த நோயை அதிகமாக்கிவிடும். அதனால்தான் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்கிறார். முதுகிலிருந்து நீர் எடுக்கச் சொல்கிறார். முதுகில் ஊசி போட்டால் நடக்க முடியாமல் போகும் என்று பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். அது தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே போடும் ஊசி. ஓரிரு நாள் தலைவலி வரலாம்.

இரண்டு நோட்டு

அக்காவின் கணவர் ஒரு நோட்டில் செலவு எழுதி வந்தார். பில் வந்தவற்றை மட்டும் எழுதினார். தினம் சாப்பிடும் மாத்திரைகளுக்கு மாதம் 1,400 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துக்காக மாதம் 3,500 ரூபாய் எடுத்து வைத்தார். மொத்தம் 4,900.

"ரெண்டு பேரும் சேர்ந்து 27,000 சம்பாதிக்கோம். 4,900 போனா மிச்சம் 22,000 இருக்கணுமே! எங்க போகுது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மகள் வேறொரு நோட்டை எடுத்தாள். பில் வராத செலவை எழுதத் தொடங்கினாள்.

அம்மாவுக்கு இட்லியில் மாதம் 9,000 மிஞ்சும். இப்போது 3,000 தான் மிஞ்சுகிறது. 6,000 போயிற்று. அப்பா மாதம் மூன்று நாள் லீவு போடுகிறார். பட்டறையில் ஒரு நாள் கூலி 700 ரூபாய். 2,100 போயிற்று. ஆக வருமானமே 18,900 ஆகிவிட்டது.

அடுத்து, அம்மாவால் ஏணி ஏற முடியவில்லை. மாடிக் கோலியை விட்டுக் கீழ்க் கோலிக்கு வந்தார்கள். வாடகை 2,000 கூடிவிட்டது. நரம்பு டாக்டரைப் பார்க்கவும் உடற்பயிற்சிக்கும் மாதம் இரண்டு முறை பரேலுக்குப் போக வேண்டும். ஆட்டோ சயான் வரைதான் ஓடும். அதற்கு அப்பால் டாக்சி. போக வர 500 ரூபாய், இரண்டு முறைக்கு 1,000. பொதுக் கழிப்பறைக்கு அடிக்கடி போகும் காசு, அவசரத்துக்கு வைக்கும் துணி, பேட் எல்லாம் 600.

கரண்ட் பில் 400 கூடியது. இது ஏன் என்று பலருக்குப் புரியாது. உடம்பு சூடானால் எம்.எஸ். தொந்தரவு கூடும். கெட்ட வயர் சூட்டில் இன்னும் மோசமாக வேலை செய்வது போல. ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890 இல் இதைக் கவனித்து எழுதினார். தகரக் கூரைக்குக் கீழே, ஏப்ரல், மே மாதத்தில், மின்விசிறியை நிறுத்தினால் அக்காவால் எழுந்து நிற்கவே முடிவதில்லை. பக்கத்தில் இட்லிக் கொப்பரை வேறு.

கடைசியாக வட்டி. முதலில் அலைந்த செலவுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. அதாவது மாதம் 2,000. இருபது மாதம் வட்டி கட்டினால் வாங்கிய 40,000 ரூபாயையும் கட்டியது போல் ஆகும். முதல் அப்படியே நிற்கும்.

மகள் கூட்டிப் பார்த்தாள். 2,000, 1,000, 600, 400, 2,000. மொத்தம் 6,000. அப்பா எழுதிய 4,900. இரண்டும் சேர்ந்து 10,900. வருமானம் 18,900. மிச்சம் 8,000 ரூபாய். அதில் பழைய வாடகை 5,500 போனால் கையில் 2,500. ஐந்து பேர் ஒரு மாதம் சாப்பிட வேண்டும்.

மருந்துக்குப் போனது 4,900. வருமானம் குறைந்தது 8,100. மற்றவை 6,000. மருந்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பணம், பில் இல்லாமலே போயிருக்கிறது.

இது ஏழை வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் எம்.எஸ். மருந்துகளின் விலை மிக அதிகம். அங்கே 2019 ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த நோயால் நாட்டுக்கு ஓராண்டில் ஆன செலவு 8,540 கோடி டாலர். அதில் 2,210 கோடி டாலர் ஆஸ்பத்திரிக்கோ மருந்துக்கோ போனதல்ல. வேலை இழப்பு, பார்த்துக்கொள்ளும் ஆள், வீட்டை மாற்றி அமைப்பது போன்றவற்றுக்குப் போனது. மருந்து அவ்வளவு விலை விற்கும் நாட்டிலேயே நாலில் ஒரு பங்கு இப்படி.

மகள் ஒரு செலவை மட்டும் எழுதவில்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. அந்த நாட்களில் பாட்டி இட்லி கொண்டு போகிறாள். அம்மாவுடன் யாராவது இருக்க வேண்டும். இதற்கு எத்தனை ரூபாய் என்று எழுதுவது?

மழைக்கு முன் தார்ப்பாய்

கணக்கைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. "இப்பம் நல்லாத்தான இருக்கேன். அந்த ஏத்துற மருந்தை நிறுத்திட்டா 3,500 மிச்சம்" என்றார்.

பலர் இப்படித்தான் நிறுத்துகிறார்கள். இங்கேதான் பெரிய நட்டம் வருகிறது.

எம்.எஸ். நோய்க்கு இரண்டு வகை மருந்து உண்டு. தாக்குதல் வந்த உடனே மூன்று முதல் ஐந்து நாள் வரை ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அது வந்த தாக்குதலைச் சீக்கிரம் இறக்கும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. அடுத்ததைத் தடுக்கவும் குறைக்கவும் வேறு மருந்துகள் உண்டு. அவற்றை நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் எடுக்க வேண்டும். தாராவியில் கூரைக்கு நீலத் தார்ப்பாயை மே மாதமே கட்டிவிடுகிறார்கள். ஜூன் மாதம் மழை கொட்டியபின் கட்டினால் அரிசி மூட்டை நனைந்தது நனைந்ததுதான். இதுவும் அப்படியே. போன நரம்பை இந்த மருந்து மீட்டுத் தராது. இருக்கும் நரம்பைக் காக்கும்.

தடுக்கும் மருந்துகளில் முதலில் வந்தது இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி. அமெரிக்காவில் 1993 இல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது இதன் விலை நம் ஊர்க் கூலிக்காரர் நினைத்தும் பார்க்க முடியாதது. இதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அதுவும் ஒரு செலவு. உறைய வைக்கும் மேல் தட்டில் வைத்தால் ஊசி கெட்டுவிடும். பிறகு மாத்திரைகள் வந்தன. இந்தியக் கம்பெனிகளே பல மாத்திரைகளைக் குறைந்த விலையில் செய்கின்றன. ஒரே மாத்திரை ஒரு கம்பெனியில் ஒரு விலை, இன்னொரு கம்பெனியில் இன்னொரு விலை. "இதே மருந்து விலை குறைவாக இருக்கிறதா?" என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் கருவுக்குக் கேடு.

அக்காவுக்கு ஏற்றுவது ரிட்டுக்சிமாப். இது முதலில் ஒரு வகைப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஹைதராபாத்தில் உள்ள டாக்டர் ரெட்டிஸ் கம்பெனி 2007 இல் இதைத் தன் பெயரில் செய்து விற்கத் தொடங்கியது. பிறகு வேறு இந்தியக் கம்பெனிகளும் செய்தன. விலை இறங்கியது. எம்.எஸ். நோய்க்கும் இது நன்றாக வேலை செய்வதைப் பல நாட்டு டாக்டர்கள் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. 2023 வரை அதில் எம்.எஸ். நோய்க்கென்று ஒரு மருந்தும் இல்லை. அந்த ஆண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தார்கள். கிளாடிரிபின், கிளாடிராமர், ரிட்டுக்சிமாப். மருந்துப் பெட்டியில் புற்றுநோய் என்று எழுதியிருப்பதை மகள் படித்துவிட்டு இரவெல்லாம் அழுதாள். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டாள். யாரும் அவளுக்கு முன்பே சொல்லவில்லை.

எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரிட்டுக்சிமாப் போட்டால் கிருமி எதிர்க்கும் பலம் குறையும். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவார்கள்.

கால் இறுக்கம், எரிச்சல், சிறுநீர் அவசரம் இவற்றுக்குத் தினம் சாப்பிடும் மாத்திரைகள் வேறு. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, ஜன் ஔஷதி கடையில் கேட்டுப் பார்க்கலாம். விலை பாதிக்கும் கீழே இருக்கும்.

அட்டையும் சான்றும்

"நம்மகிட்ட அட்டை இருக்கே, எல்லாம் இலவசம்தானே?" என்று கேட்பார்கள். 2018 இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையும், மகாராஷ்டிரத்தில் உள்ள மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமும் முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கு. எம்.எஸ். படுத்து எழுந்து முடிந்துபோகும் நோய் அல்ல. வீட்டில் இருந்து ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்கும் நோய். வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு அட்டை உதவாது. இது பெரிய ஓட்டை. மாநகராட்சி ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்து காட்டுவதும், அங்குள்ள சமூகசேவகரிடம் நிலைமையைச் சொல்வதும்தான் வழி. எந்த அறக்கட்டளை எந்த மருந்துக்கு உதவுகிறது என்று அவருக்குத் தெரியும். இந்திய மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் சங்கம் 1985 இல் மும்பையில் தொடங்கியது. சென்னை உட்பட வேறு நகரங்களிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

இ.எஸ்.ஐ. பிடிக்கும் வேலையில் இருப்பவருக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு. ஆனால் வேலை போனால் கொஞ்ச காலத்தில் அந்த உரிமையும் போய்விடும். அதனால் வேலையை விடுவதில் அவசரம் கூடாது.

அரசு வேலைக்காரர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மும்பை மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்யும் தமிழர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் என்ன நடக்கும்? "உன்னால் முடியாது, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு" என்று யாராவது சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. அதன் 20 ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வேலையில் இருக்கும்போது உடல் குறைபாடு வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. பதவியையும் இறக்கக் கூடாது. பழைய வேலை முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் தாமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இதைக் கேட்பது கடினம். நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மராத்தியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

அதே 2016 சட்டம்தான் எம்.எஸ். நோயையும் பட்டியலில் சேர்த்தது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. எம்.எஸ். அதில் இல்லை. புதிய சட்டத்தில் 21 வகை. அதில் எம்.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளைக் கேட்கலாம். ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் பதிந்து, குறித்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முன் போய் நிற்க வேண்டும்.

நின்றால் ஒரு தொல்லை உண்டு. எம்.எஸ். நோயாளி நல்ல நாளில் நன்றாக நடப்பார். களைப்பையும் கண் மங்கலையும் சிறுநீர் அவசரத்தையும் வெளியே பார்த்தால் தெரியாது. அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூச்சப்பட்டு, "இப்பம் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். மறுமுறை போனபோது எல்லாவற்றையும் வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டு போனார். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் கொண்டு போனார்.

சான்று இருந்தால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றை வருமானம் குறைந்தவர்கள் மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையத்தில் நடைப்பயிற்சி தருகிறார்கள், காலுக்குத் தாங்கிகளும் செய்கிறார்கள். வசதி இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு மகாராஷ்டிர அரசின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் மாத உதவி உண்டு. 1,500 ரூபாயாக இருந்ததை 2,500 ஆக்க 2025 இல் முடிவு செய்தார்கள். ஆனால் இதற்கான வருமான வரம்பு மிகக் குறைவு. உழைக்கிற ஓர் ஆள் இருந்தால் அந்த வீடு வரம்பைத் தாண்டிவிடும். அக்கா வீட்டுக்கு இது கிடைக்கவில்லை.

ஐந்து வட்டியும் ஒரு வட்டியும்

கிடைக்காத உதவியை நினைத்துக்கொண்டு உட்கார முடியுமா? மாமியாரும் மருமகளும் மகளுடைய நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள்.

முதலில் கொப்பரை. ஆவிப் பக்கம் மாமியார் போனார். அக்கா விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சட்னி கட்டுவது, எண்ணிக்கை பார்ப்பது, வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது என்று மாற்றிக்கொண்டார். காலையில்தான் அவருக்குத் தெம்பு இருக்கும். மதியம் படுத்துவிடுவார். 3,000 என்று இருந்த வருமானம் 5,000 ஆனது. பழைய 9,000 வரவில்லை. வரும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

அடுத்து டாக்சி. நரம்பு டாக்டரைப் பார்க்கும் நாளையும் உடற்பயிற்சி நாளையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றார்கள். ஒரு நடை குறைந்தது. பரேல் போய்வர 500 ரூபாயும், கணவரின் ஒரு நாள் கூலி 700 ரூபாயும் மிச்சம். பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது என்று மகள் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

கடைசியில் வட்டி. அக்காவிடம் இரண்டு வளையல் இருந்தன. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்தவை. "அதைத் தொடக் கூடாது" என்று கணவர் ஒரே பிடியாக நின்றார். மாமியார்தான் பேசினார். "ஏல, ஐஞ்சு வட்டிக்காரன் தின்னா மட்டும் வளையல் தப்பிச்சிருமா?" என்றார். வங்கியில் வளையலை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டி. ஐந்து வட்டிக் கடனை அடைத்தார்கள். மாதம் 2,000 கட்டிய இடத்தில் இப்போது 400 தான்.

மீந்த 1,600 ரூபாயில் 1,500 ரூபாயைப் பக்கத்துச் சாலில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலை ஏழு மணிக்குப் பாட்டி வந்துவிடுவார். ஒரு மணி வரை அக்காவோடு இருப்பார். மகள் அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் போகிறாள்.